வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே சுவருக்கு டெக்ஸ்சர் அடிக்கலாம்

பெயிண்ட் கடையில் போய் ‘டெக்ஸ்சர்’ என்று கேட்டால் முதலில் ஒரு தடிமனான ஆல்பத்தை எடுத்து மேசையில் போடுவார்கள். மார்பிள் மாதிரி ஒன்று, தோல் மாதிரி ஒன்று, கோரைப்பாய் மாதிரி ஒன்று. கூடவே சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலியும் சொல்வார்கள். ஆல்பத்தைப் பார்க்கும்போது பெரிய வித்தை போலத்தான் தெரியும். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஸ்பாஞ்சு, கந்தல் துணி, பிளாஸ்டிக் தாள், பல் வெட்டிய அட்டை ஆகியவற்றைக் கொண்டு செய்த வேலை. ஏஷியன் பெயிண்ட்ஸின் ராயல் பிளே வரிசையிலேயே ஸ்பாஞ்சிங், ராகிங் (ராக் என்றால் கந்தல் துணி), கோம்பிங் (கோம் என்றால் சீப்பு) என்று கருவியின் பெயரைத்தான் டிசைனுக்கு வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. சாணி மெழுகிய திண்ணையை உற்றுப் பார்த்திருந்தால் தெரியும். விரல்கள் வரிசையாக இழுத்துவிட்டுப் போன அரைவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மெழுகுகிறவர் டிசைன் போட நினைத்து அதைச் செய்வதில்லை. கரைசல் சரியான பதத்தில் இருக்கும்போது கை ஒரே வீச்சில் போனால் தடம் தானாக விழும். சுவர் வேலையும் அப்படித்தான். கையில் என்ன பிடித்திருக்கிறோம் என்பதைவிட பெயிண்ட் என்ன பதத்தில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல்முறை செய்கிறவர்கள் கருவியைப் பற்றி நிறைய யோசித்துவிட்டு, பதத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பதத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சுவர்?

ஒரு அறைக்கு ஒரு சுவர் போதும். நாலு சுவருக்கும் அடித்தால் அறை சுருங்கிப்போன மாதிரி இருக்கும், கண்ணும் சோர்ந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற சுவராகப் பார்த்து எடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் வெளிச்சம் முகத்தில் அடிப்பதால், அதே டெக்ஸ்சர் பாதிதான் எடுபடும். டிவிக்குப் பின்னால் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம். ஆனால் டிவி, செல்ஃப், ஒயர் எல்லாம் போக அங்கே கண்ணுக்குத் தெரிகிற சுவர் கொஞ்சம்தான். சோபாவுக்குப் பின்னால், படுக்கையின் தலைமாட்டில், வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் சின்னச் சுவர் ஆகியவை நல்ல இடங்கள்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் வேண்டாம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை மேடுபள்ளத்தில் போய் உட்கார்ந்தால் துடைத்து எடுப்பது பெரும்பாடு. குளியலறைச் சுவரும் வேண்டாம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஸ்பாஞ்சு, துணி கொண்டு செய்பவை பெயிண்டின் மேல் பெயிண்ட், அவ்வளவுதான். காலி செய்யும்போது இரண்டு கோட் அடித்தால் மறைந்துவிடும். பட்டி (சுவரைச் சமன்செய்யப் பூசும் புட்டிக் குழைவு) வைத்து மேடாகச் செய்கிற டெக்ஸ்சர் அப்படிப் போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சுவர் தயாராக இருக்கிறதா?

டெக்ஸ்சர் அடித்தால் சுவரின் குறையெல்லாம் மறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆணி ஓட்டை, லேசான அலை, பழைய பிரஷ் கோடு போன்றவை ஓரளவு மறையும். ஓதம் மறையாது. சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருந்தாலோ, பெயிண்ட் பொருமி நின்றாலோ, அதன் மேல் எதை அடித்தாலும் சீக்கிரமே உரிந்து கையோடு வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாதபடி சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டெக்ஸ்சர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டம்பரோ. அதன் மேல் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட், பிடிக்காது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஒரு கோட் பிரைமர் அடித்த பிறகுதான் மற்ற வேலை. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் என்றால் குறைந்தது 28 நாளாவது ஆறட்டும். பழைய ஆயில் பெயிண்ட் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தால் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. தேய்க்கும்போது அவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். செட்டிநாட்டுப் பக்கம் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல மெருகேற்றிய சுவர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பழைய வீடு உங்களுடையது என்றால் அந்தச் சுவரைச் சும்மா விட்டுவிடுங்கள். அதன் மேல் எமல்ஷனைக் கொண்டுபோய் அப்புவது பாவம்.

பெயிண்டும் பதமும்

அடிக் கோட், மேல் கோட் என்று இரண்டு நிறம் வேண்டும். கடையில் தரும் ஷேடு கார்டில் ஒரே பட்டையில் மேலும் கீழுமாக இருக்கும் நிறங்களை எடுங்கள். இடையில் ஒரு கட்டம் மட்டும் விட்டால் போதும். சந்தன நிறத்தின் மேல் லேசான பாக்கு நிறம், வெளிர் சாம்பலின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தமான சாம்பல் என்று போனால் தப்பு நடக்க வழியே இல்லை. வெள்ளையின் மேல் மயில் நீலம் என்று ஒட்டாத நிறங்களை எடுத்தால் ஒவ்வொரு ஒற்றலும் தனித்தனியாகத் தெரிந்து, சுவர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். தங்க நிறம், வெள்ளி நிறம் எல்லாம் மூன்றாவது நிறமாகக் கொஞ்சமே கொஞ்சம் தொட்டு வைக்க நன்றாக இருக்கும். அதையே முழுச் சுவருக்கும் அடித்தால் கல்யாண மண்டப மேடைதான்.

அடிக் கோட்டுக்கு லேசான மினுமினுப்பு உள்ள எமல்ஷன் நல்லது. கடையில் சாட்டின், சில்க், ஷீன் என்று கேளுங்கள். காரணம் இருக்கிறது. மினுமினுப்பே இல்லாத மேட் பெயிண்ட் சொரசொரப்பாக, உறிஞ்சுகிற தன்மையோடு இருக்கும். மேல் கோட்டை அதன் மேல் வைத்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் துணியாலோ சீப்பாலோ எடுக்க முயன்றால் வராது. மினுமினுப்பு உள்ள பரப்பில் மேல் கோட் கொஞ்ச நேரம் வழுவழுவென்று மேலேயே நிற்கும். ஸ்பாஞ்சால் ஒற்றி வைப்பது மட்டும்தான் திட்டம் என்றால் மேட் இருந்தாலும் பரவாயில்லை.

பத்துக்குப் பத்து அடிச் சுவருக்கு அடிக் கோட் இரண்டு கை அடிக்க ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ஆகும். மேல் கோட்டுக்கு அரை லிட்டரே மிஞ்சும்.

இப்போது பதம். இரண்டு விதமான வேலை இருக்கிறது. பெயிண்டைச் சுவரில் ஒற்றி வைப்பது ஒன்று. சுவர் முழுக்க அடித்துவிட்டு, காய்வதற்குள் அங்கங்கே எடுப்பது இன்னொன்று. ஒற்றி வைக்கும் வேலைக்கு எமல்ஷனில் கால் பங்கு தண்ணீர் கலந்தால் போதும். தயிர் பதம். எடுக்கிற வேலைக்கு மேல் கோட் மெதுவாகக் காய வேண்டும். அதற்கென்றே கிளேஸ் என்று ஒரு திரவம் விற்கிறது. நாலு பங்கு கிளேஸுக்கு ஒரு பங்கு எமல்ஷன் கலந்தால் கண்ணாடித்தன்மையோடு, பின்னால் உள்ள நிறமும் தெரிகிற மேல் கோட் கிடைக்கும். உங்கள் ஊர்க் கடையில் கிளேஸ் கிடைக்கவில்லை என்றால் எமல்ஷனைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஒரு கப் கலவைக்கு ஒரு டீஸ்பூன் கிளிசரின் சேர்க்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண கிளிசரின்தான். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு கூடினால் சுவர் பல நாள் பிசுபிசுவென்று இருக்கும், தூசியெல்லாம் வந்து ஒட்டும்.

சித்திரை வெயிலில் எமல்ஷன் நாம் துணியை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே ஈரம் கோத்திருக்கும் என்பதால் அப்போது தொட வேண்டாம். தை முதல் பங்குனி வரை தோதான காலம்.

ஒரு எச்சரிக்கை. பெயிண்ட் கெட்டியாக வேண்டும் என்று அரிசி மாவு, மைதா கலக்கச் சொல்கிற வீடியோக்கள் சுற்றுகின்றன. கலந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். மணல் கலந்து சொரசொரப்பு கொண்டுவரலாம், அது சரியான முறைதான். ஆனால் நன்றாகச் சலித்துக் கழுவிக் காயவைத்த மணலாக இருக்க வேண்டும். கடல் மணலில் உப்பு இருக்கும், அது வேண்டாம்.

ஒத்திகை இல்லாமல் சுவரில் கை வைக்காதீர்கள்

போன வருட தினசரி காலண்டர் அட்டை இருக்கும் இல்லையா, சாமி படம் போட்டது? அதன் பின்பக்கம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். இரண்டு மூன்று அட்டைகளுக்கு அடிக் கோட் அடித்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு முறையைச் செய்து, காய்ந்ததும் சுவரில் சாய்த்து வைத்துப் பகலில் ஒருமுறை, டியூப் லைட்டில் ஒருமுறை பாருங்கள். பகலில் பிடித்தது ராத்திரியில் பிடிக்காமல் போவது சகஜம். முதல் அட்டை கோரமாகத்தான் இருக்கும். மூன்றாவது அட்டைக்குள் கை பழகிவிடும்.

பீர்க்கங்காய் நாரும் ஸ்பாஞ்சும்

புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். பிடிக்காத இடத்தில் அடி நிறத்தை மேலே ஒற்றிச் சரிசெய்துவிடலாம் என்பதால் பயமில்லை.

பாத்திரம் துலக்கும் சதுர ஸ்பாஞ்சை அப்படியே பயன்படுத்தினால் நாலு மூலையும் சுவரில் அச்சாகப் பதியும். கத்தரிக்கோலால் மூலைகளை வெட்டி, அடிப்பக்கத்தை அங்கங்கே கிள்ளியெடுத்து ஒழுங்கற்றதாக ஆக்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது முதுகு தேய்க்கிற பீர்க்கங்காய் நார். குறுக்கே நறுக்கினால் வட்ட வட்டமான ஓட்டைகளோடு ஒரு அச்சு வரும், நீளவாக்கில் பிளந்தால் வலை போன்ற இன்னொரு அச்சு வரும். கடலில் எடுக்கும் ஸ்பாஞ்சுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

அடிக் கோட் இரண்டு கை அடித்து ஒரு முழு நாள் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துச் சுவர், கூரை, ஸ்கர்ட்டிங் (தரையோரப் பட்டை) ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தரையில் பழைய பெட்ஷீட் விரியுங்கள். செய்தித்தாள் விரித்தால் காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். சுவிட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிட்டு அதன் மேலும் டேப் போடுங்கள். ஈரக் கையும் மின்சாரமும் ஒத்துப்போகாது.

நாரை முதலில் தண்ணீரில் முக்கி, முடிந்த மட்டும் பிழியுங்கள். காய்ந்த நார் பெயிண்டை உள்ளே இழுத்துவைத்துக்கொண்டு, அழுத்தும்போது ஒரேயடியாகக் கக்கும். ஒரு பழைய தட்டில் இரண்டு கரண்டி பெயிண்டை ஊற்றிப் பரப்புங்கள். நாரைத் தட்டில் லேசாகத் தொட்டு எடுத்து, நேராகச் சுவருக்குப் போகாமல் ஒரு செய்தித்தாளில் மூன்று நாலு முறை ஒற்றுங்கள். முதல் ஒற்றலில் சொதசொதவென்று ஒரு கறை விழும். இரண்டாவதில் ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். மூன்றாவது நாலாவதில் நாரின் ஒவ்வொரு இழையும் தனியாகப் பதியும். இப்போதுதான் சுவருக்குப் போக வேண்டும். அந்த நாலாவது ஒற்றல் எப்படி இருந்ததோ அதுதான் பதம். அதைக் கண் பழகிக்கொள்ளட்டும்.

சுவரில் தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. வைத்து, எடுத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி வைக்க வேண்டும். திருப்பாமல் வைத்துக்கொண்டே போனால் ஒரே அச்சு வரிசை கட்டி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய மாதிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு ஒற்றலுக்கு மேல் அச்சு வெளிறும்போது மறுபடி பெயிண்ட் தொடுங்கள். புதிதாகத் தொட்ட நாரை முன்பு நிறுத்திய இடத்திலேயே வைக்காமல், ஒரு அடி தள்ளி வைத்து, அங்கிருந்து திரும்பி வந்து இடைவெளியை நிரப்புங்கள். அப்போதுதான் அழுத்தமான இடமும் வெளிறிய இடமும் கலந்து வரும்.

மூன்றடிக்கு மூன்றடி என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆனால் ஓரத்தை நேர்க்கோடாக முடிக்காமல், மேகத்தின் விளிம்பு மாதிரி வளைந்து நெளிந்து விடுங்கள். அடிக்கடி ஆறேழு அடி பின்னால் போய்ப் பாருங்கள். கிட்டே நின்றால் எதுவும் தெரியாது. எங்கேயாவது திட்டாக இருண்டு போயிருந்தால், காய்ந்த பிறகு சுத்தமான நாரில் அடி நிறத்தைத் தொட்டு மேலே ஒற்றுங்கள். சரியாகிவிடும். உண்மையில் முழுச் சுவரையும் முடித்துவிட்டு அடி நிறத்தையே அங்கங்கே மறுபடி ஒற்றினால் ஆழம் கூடி இன்னும் நன்றாக இருக்கும்.

மூலைகளில் முழு நார் நுழையாது. அங்கேதான் பெயிண்ட் அப்பிக்கொண்டு வேலை கெட்டுப்போகும். ஒரு சின்னத் துண்டை வெட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டி, அதைக் கைப்பிடியாக வைத்து ஒற்றுங்கள்.

பழைய வேட்டி

பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி வேட்டியைப் போலத் துணி வேலைக்கு வேறொன்று கிடையாது. நூல் உதிராது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், பனியன் துணியில் பஞ்சு உதிர்ந்து சுவரில் ஒட்டும். சட்டையாக இருந்தால் தையல் விளிம்புகளை வெட்டி எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒற்றலிலும் ஒரு கோடு விழும்.

இது எடுக்கிற வகை என்பதால் இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் ரோலரில் மேல் கோட்டை இரண்டடி அகலப் பட்டையாக மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு போக, இன்னொருவர் ஈரத் துணியைக் கசக்கிப் பிடித்து அதை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். வலதுபக்க ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு ஒற்றாமல் விட்டுவைத்து, அடுத்த பட்டையை அதன் மேல் ஏற்றி அடித்த பிறகு சேர்த்து ஒற்றினால் இணைப்பு தெரியாது. பட்டையின் ஓரம் காய்ந்துவிட்டால் அங்கே இருண்ட கோடு விழும், அதை மறைக்கவே முடியாது. அதனால் ஆரம்பித்த சுவரை முடித்துவிட்டுத்தான் காபி. அடிப்பவரும் எடுப்பவரும் நடுவில் ஆளை மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு அழுத்தம் உண்டு, அது சுவரில் தெரிந்துவிடும். கணவன் மனைவி சேர்ந்து செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவருக்குக் கோபம் வரும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியில் பெயிண்ட் ஊறியதும் பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஊறிவிட்டால் வேறு துண்டு எடுங்கள். ஒரு சுவருக்கு ஏழெட்டுத் துண்டாவது தயாராக இருக்க வேண்டும். ஈரத் துணியை இரண்டு கையாலும் முறுக்கி, திரி மாதிரி ஆக்கி, சுவரில் கீழிருந்து மேலாக உருட்டிக்கொண்டு போனால் சுருக்கம் விழுந்த பட்டுத்துணி போல ஒரு தடம் வரும். கொஞ்சம் பழகிய பிறகு செய்து பாருங்கள்.

பிளாஸ்டிக் தாள்

குறைந்த உழைப்பில் அதிக அழகு வேண்டும் என்றால் இதுதான். கேரி பேக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. புதுச் சட்டை, புடவை சுற்றி வருகிற மெல்லிய உறை, சலவைக் கடையிலிருந்து வரும் உறை, பெயிண்ட் கடையில் தரையில் விரிக்கக் கொடுக்கும் மெல்லிய தாள், இவற்றில் எதுவும் ஆகும். எழுத்து அச்சடித்ததாக இருந்தால் அந்தப் பக்கத்தை உங்களை நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். மை சுவரில் ஏறிவிடக் கூடாது.

மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் மேல் கோட்டை அடித்து, ஈரமாக இருக்கும்போதே தாளை அதன் மேல் விரித்து, உள்ளங்கைகளால் அங்கங்கே தள்ளிச் சுருக்கம் விழச் செய்யுங்கள். சுருக்கங்கள் ஒரே திசையில் போகட்டும். அரை நிமிடம் வைத்து, ஒரு ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் எடுங்கள். தாள் படிந்த இடத்தில் பெயிண்ட் போய், சுருக்கம் இருந்த இடத்தில் நரம்பு நரம்பாக நிற்கும். சாம்பல் நிறத்தில் செய்தால் கல் மாதிரியும், பாக்கு நிறத்தில் செய்தால் தோல் மாதிரியும் தெரியும். அதே தாளை இன்னும் இரண்டு இடத்தில் பயன்படுத்தலாம். அதற்குமேல் அது எடுப்பதற்குப் பதிலாகப் பெயிண்டைத் திரும்பக் கொடுக்க ஆரம்பிக்கும்.

சீப்பும் துடைப்பமும்

தலை சீவும் சீப்பு இதற்கு ஆகாது. பற்கள் மிக நெருக்கம், நுனியும் கூர். காலண்டர் அட்டையையே ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, ஒரு விளிம்பில் ஆங்கில வி போல வரிசையாகப் பற்கள் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பல்லும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. சின்னதும் பெரியதும் கலந்திருந்தால் கோடுகள் உயிரோடு இருக்கும். அட்டை நனைந்து தொய்ந்துவிடும் என்பதால் நாலைந்து வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது பழைய ஃபைல் உறையின் கெட்டி பிளாஸ்டிக்கில் வெட்ட வேண்டும்.

மேல் கோட்டைப் பட்டையாக அடித்து, சீப்பை மேலிருந்து கீழ்வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் கோடு கோணும். உயரமான சுவரில் ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே இழுப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே புதியவர்கள் முழு நீளக் கோட்டை விட்டுவிட்டு, ஒரு அடிக் கட்டத்தில் நெடுக்காகவும் அடுத்த கட்டத்தில் குறுக்காகவும் மாற்றி மாற்றி இழுக்கலாம். கூடை பின்னல் போல வரும், கோணலும் தெரியாது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் சீப்பின் பற்களைத் துடைக்க மறக்கக் கூடாது.

தென்னந்துடைப்பத்தை இழுத்தால் முரட்டுக் கோடுகள் கிடைக்கும். பூந்துடைப்பத்தின் நுனியை ஈரப் பெயிண்டின் மேல் லேசாக இழுத்தால் நெய்த துணி மாதிரி மெல்லிய இழைகள் தெரியும். புதுத் துடைப்பமாக எடுங்கள், முதலில் நன்றாக உதறிவிடுங்கள்.

கயிறு சுற்றிய சப்பாத்திக் கட்டை, வெண்டைக்காய் அச்சு, டூத் பிரஷால் தெளிப்பது என்று இன்னும் பல உண்டு. சுவர் முழுக்க அவற்றைச் செய்தால் திகட்டும். குழந்தைகள் அறையில் ஒரு மூலைக்கு, ஒரு பார்டருக்கு நன்றாக இருக்கும். குழந்தைகளையே செய்யவிடுங்கள்.

பட்டி வைத்து மேடாகச் செய்வது

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத்தான் டெக்ஸ்சர், தொட்டால் சமமாகத்தான் இருக்கும். தொட்டாலும் மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்றால் பட்டி வேண்டும். வெள்ளை சிமெண்ட் பட்டியைப் பாக்கெட்டில் சொல்லியிருப்பதைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவைவிடக் கெட்டியாக, பட்டித் தகட்டில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். சிமெண்ட் கையை அரிக்கும், ஆகவே உறை போடாமல் தொடாதீர்கள். பிரைமர் அடித்த சுவரை லேசாக நனைத்து, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் அப்புங்கள். கனம் கூடினால் காயும்போது வெடிக்கும். ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும்.

அப்பிய உடனே கை வைத்தால் பட்டி கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற நேரம் வரை பொறுத்து, பிறகு நாரால் ஒற்றுங்கள், அட்டைச் சீப்பால் வளைவுகள் இழுங்கள், அல்லது தேங்காய் மட்டையின் நார்ப்பக்கத்தை அழுத்தி எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் துருத்திக்கொண்டு குத்துகிற முனைகளை மட்டும் உப்புத்தாளால் தட்டிவிடுங்கள். பிரைமர் ஒரு கோட், நிறம் இரண்டு கோட். கடைசியில் ஒரு அகலப் பிரஷில் கொஞ்சம் வெளிர் நிறத்தைத் தொட்டு, செய்தித்தாளில் துடைத்து, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷை மேடுகளின் மேல் மட்டும் தடவிக்கொண்டு போங்கள். அதுவரை சப்பென்று இருந்த சுவர் அந்த ஒரு தடவலில் எழுந்து நிற்கும். தூசி படியும் என்பது மட்டும் உறுதி. மாதம் ஒருமுறை பூந்துடைப்பத்தால் தட்டிவிட வேண்டியிருக்கும்.

முடிக்கும்போது

மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காயும்வரை விட்டுவைக்க வேண்டாம். கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே, மடக்கிப் பின்பக்கமாக மெதுவாக உரியுங்கள். காய்ந்துவிட்டிருந்தால் பிளேடால் ஓரத்தை லேசாகக் கீறிவிட்டு உரிக்கலாம்.

குழந்தைகள் கை வைக்கிற உயரம் என்றால் ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் ஒரு கோட் அடிக்கலாம். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், செய்த வேலையெல்லாம் வெளிச்சத்தில் அடிபட்டுப்போகும். முதல் மாதம் சுவரை ஈரத் துணியால் துடைக்காமல் இருங்கள்.

நார், துணியை உடனே வாளித் தண்ணீரில் அலசுங்கள். மீந்த மேல் கோட்டை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாய் வரை ஊற்றி, இறுக்கமாக மூடி, ஷேடு நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கூடவே அந்த நார்த் துண்டையும் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்குச் சோபா உரசி ஒரு இடம் போய்விட்டால், அதே நாரின் அச்சு இருந்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியாது.